குறுக்குப் பொருத்தம்

சம்மாந்துறை தாண்டி அம்பாறைக்குப் போகும் ரோட்டில்
பாதியில் நெல் காய்கிறது,
மீதியில் நாங்கள் போய்வருகிறோம்.
அன்று எனக்கு முன்னால் மூட்டை ஏற்றிய உழவு மெசின்,
எதிரே தூரத்தில் ஒரு பஸ், கடுகளவு.
முந்தலாம் என்று கணக்குப் போட்டுக் காலை ஊன்றினேன்.
அறுநூற்று அறுபது சீசீ
கொஞ்சம் யோசித்தது.
அதற்குள் கடுகு பூசணியாகிவிட்டது.
பிரேக்கை மிதித்து, ஒரு சக்கரம் நெல்லில் ஏற,
பழைய இடத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டேன்.
நெல்லுக்காரர் கையில் பலகையோடு நின்று
என் ஆல்டோவைப் பார்த்து ஒரு சொல் சொன்னார்.
கண்ணாடி மூடியிருந்தது.
கேட்காத மாதிரி இருக்க முடிந்தது.

மருதமுனையில் ஹில்மியின் கராஜ்.
"மிஸ், ரெண்டு வழி இரிக்கி.
ஜப்பான்காரனே இதுக்கு ஒரு கோபக்கார அண்ணனச் செஞ்சிரிக்கான்.
அவண்ட ஸ்பிரிங், அவண்ட பிரேக், அவண்ட மூளை,
எல்லாம் இதுக்கும் வந்து இருக்கும்.
கொழும்புக்குச் சொல்லி எடுக்கணும். ஆறு கிழமை.
ரெண்டு லெச்சத்துக்குக் கிட்ட.
மத்தது தாய்வான் பெட்டி. இந்தா, நெருப்புப்பெட்டி மாதிரி.
வயர்ல கொழுவினா முடிஞ்சு. நாப்பத்தஞ்சு."
ஆயிரம் என்ற சொல்லை ஹில்மி வீணாக்குவதில்லை.

கம்பனிச் சாமானுக்கு ஒரு எண் உண்டு, உறை உண்டு,
கோளாறு வந்தால் முறைப்பாடு எழுத
கொழும்பில் ஒரு முகவரி உண்டு.
பெட்டிக்கு ஹில்மி இருக்கிறான்.
இரவு பதினொன்றுக்கும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு
ஷட்டரைத் தூக்குவான்.

வீட்டில் குகதீபன் கம்பனிக் கட்சி.
"செய்தவனுக்குத் தெரியாததா?"
கேஸ் ரெகுலேட்டர் வாங்கியபோதும் இதைத்தான் சொன்னவர்.
வேலையிடத்தில் இனோக்கா பெட்டிக் கட்சி.
"எங்கட வண்டி இப்ப பறக்குது,
பெற்றோல் மட்டும் கொஞ்சம் கூடக் குடிக்குது."

நான் இரத்த வங்கியில் வேலை செய்கிறவள்.
பையில் ஓ பொசிட்டிவ் என்று அச்சிட்டிருக்கும்,
நோயாளியின் கட்டில் அட்டையிலும் அதே ஓ பொசிட்டிவ்.
அதை நம்பி ஏற்றமாட்டோம்.
இதில் ஒரு துளி, அதில் ஒரு துளி,
குழாயில் கலந்து, சூட்டில் வைத்து, சுழற்றி,
திரளுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம்.
கூடப்பிறந்தவனுடையது திரண்ட நாளும் உண்டு.
உகனைப் பக்கத்துப் பொலிஸ்காரர் ஒருவருடையது
ஒரு சத்தமுமில்லாமல் போய்ச் சேர்ந்த நாளும் உண்டு.

"மறுகா யோசிப்பம், முதல்ல தூக்கிப் பாப்பம்"
என்று ஜாக்கி வைத்தான் ஹில்மி.
கீழே போன டோர்ச் வெளிச்சம் நெடுநேரம் அசையவில்லை.
"மிஸ், கை படாத வண்டி எண்டுதானே வாங்கினீங்க?"
ஓம், என்றேன்.
"படாத கை ஒண்டரை வளையத்த அரிஞ்சு எடுத்திரிக்கி."
பின் ஸ்பிரிங் இரண்டையும் வாளால் அறுத்து,
மேலே கறுப்புப் பெயின்ற்.
ஐந்து மாதமாக ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிறு உரச,
அது ஜப்பானின் சுபாவம் என்று
பொறுத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங்குக்குக் கொழும்புக்குச் சொன்னேன்,
கோபக்கார அண்ணனுடையதுக்கு.
பெட்டியை ஒரு கிழமை கடனாகக் கேட்டேன்.
கலந்து பார்க்க, என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை. தந்தான்.

ஏழு நாள்.
திரளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
மூன்றாம் நாள் காலையில் சின்னதாய் ஓர் இருமல்,
குறித்து வைத்தேன்.
ஆறாம் நாள் அதே இடத்தில் ஓர் உழவு மெசினை முந்தினேன்.
நெல்லுக்காரர் பலகையைத் தூக்கினார்,
எதற்கென்று தெரியவில்லை.

இப்போது மேசையில் காப்புறுதிப் படிவம்.
வாகனத்தில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டுள்ளதா?
ஆம், இல்லை. இரண்டு கட்டம்.
"இல்லை எண்டு போடும், ஆர் கழட்டிப் பாக்கப் போறாங்கள்?"
சொல்வது கம்பனிக் கட்சி.
இரத்தம் கொடுக்க வருகிறவர்களை நானும் இப்படித்தான் கேட்கிறேன்:
பச்சை குத்தினீர்களா, மருந்து எடுக்கிறீர்களா.
பேனை இல்லையின் மேல் எத்தனை இலகுவாக இறங்குகிறது என்று
பார்த்துப் பழகிய கண்.

ஆம் என்று கீறினேன்.
விவரம் எழுத விட்டிருந்த இடம் ஒரு விரல் அகலம்.
நான் அறுக்காத வளையத்திலிருந்து
எழுதத் தொடங்கினேன்.